சிக்கன் ரைஸ்: பயம் கோழி மேல், வில்லங்கம் சோற்றில்!



நம் ஊரில் புதுசாக ஒரு ஃபாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டி வந்து நின்றால், யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, பாலிடெக்னிக் மாணவனுக்கு முதலில் தெரிந்துவிடும்.

"மச்சி, பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக் கடைடா. சிக்கன் ரைஸ் சும்மா அள்ளுது. ஒருநாள் டிரை பண்ணலாமா?" என்று ஒருவன் ஆரம்பிப்பான்.

"கோழி நல்ல கோழியாடா?" என்பான் இன்னொருவன்.

"அஜினோமோட்டோ போடுறாங்களாம்டா!" என்று மூன்றாமவன் பயமுறுத்துவான்.

கடைசியில் மூன்று பேரும் சேர்ந்தே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அது வேறு கதை!

இந்தப் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். கோழி வந்துவிட்டது, அஜினோமோட்டோ வந்துவிட்டது. தட்டில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருக்கிற சோற்றைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை. 'சோறுதானே, அதுல என்ன இருக்கு?' என்ற நினைப்பு. ஆனால் விஞ்ஞானம் சொல்வது வேறு. சிக்கன் ரைஸில் நாம் முதலில் விசாரிக்க வேண்டியது சோற்றைத்தான். அது ஏன், தெரிந்துகொண்டால் எப்படிப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சாப்பிடவே சாப்பிடாதீர்கள் என்று உபதேசம் செய்ய வரவில்லை. செய்தால் மட்டும் கேட்கவா போகிறீர்கள்?

வந்த வழி

சிக்கன் பிரைடு ரைஸின் பூர்வீகம் சீனா. மிஞ்சிய சோற்றை வீணாக்காமல் முட்டை, காய், இறைச்சி சேர்த்து வறுத்துச் சாப்பிடுவது அங்கே பழைய வழக்கம். கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் ஓட்டல்கள் நடத்த, அந்தச் சமையல் நம் நாட்டுக் காரத்தோடு சேர்ந்து 'இந்தியன் சைனீஸ்' என்ற புதுச் சாதி உணவானது. கோபி மஞ்சூரியனுக்கு அண்ணனான சிக்கன் மஞ்சூரியனை 1975-ஆம் ஆண்டு பம்பாயில் உருவாக்கியவர், கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளியினரான நெல்சன் வாங்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. சிக்கன் ரைஸின் உயிர்த்தோழனான சிக்கன் 65, சென்னை மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் 1965-இல் பிறந்தது என்பார்கள். சேலத்திலிருந்து பிரிந்து நம் தர்மபுரி மாவட்டம் பிறந்ததும் 1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான். இரண்டுக்கும் ஒரே வயது! பிறகு கொங்கு நாட்டில் பிராய்லர் பண்ணைகள் பெருகின. விருந்து நாளில் மட்டும் அடித்த கோழி, தினசரிச் சாப்பாடாகிவிட்டது. கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் மணந்த ஊரில், சாயங்காலம் ஆனால் கடாயில் கரண்டி தட்டும் சத்தம் கேட்பது இப்படித்தான்.

கடாயில் நடக்கும் இன்ஜினியரிங்

மாஸ்டர் ஏன் சுடச்சுட வடித்த சோற்றில் பிரைடு ரைஸ் போடுவதில்லை? காரணம் இருக்கிறது.

அரிசியில் இருப்பது ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. வேகும்போது அது தண்ணீரைக் குடித்து உப்பி, பசைபோல இளகுகிறது. அந்தச் சூட்டிலேயே கடாயில் போட்டுக் கிளறினால் குழைந்து களியாகிவிடும். ஆறும்போது அதே மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுகள் மறுபடி வரிசை கட்டி இறுகுகின்றன. மேலேயுள்ள ஈரமும் காய்கிறது. பருக்கை பருக்கையாய் உதிர்கிறது. ஆக, நல்ல பிரைடு ரைஸுக்கு ஆறிய சோறு கட்டாயம் வேண்டும்.

அடுத்தது தீ. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சோற்றில் ஈரம் இருக்கும் வரை அதன் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆனால் அந்த வறுத்த மணமும் பொன்னிறமும் வருவதற்கு மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். இதை 1912-இல் விளக்கிய பிரெஞ்சுக்காரர் மையார்ட் பெயரில் 'மையார்ட் வினை' என்கிறார்கள். அதனால்தான் வீட்டு அடுப்பில் அந்த ருசி வருவதில்லை. கடையில் 19 கிலோ சிலிண்டர், அதிக அழுத்த ரெகுலேட்டர், 'உஸ்ஸ்' என்று சீறும் பர்னர்! மெக்கானிக்கல் மாணவர்கள் வெப்பக் கடத்தலைப் படிக்க இதைவிட நல்ல லேப் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆறிய சோறு வேண்டும் என்றால், அதை எப்போது வடித்தார்கள்? எங்கே, எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள்? வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெயரிலேயே 'சீரியஸ்'!

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டு. பெயர் பேசில்லஸ் சீரியஸ். (பெயருக்கேற்ற ஆள்தான்!) வயலில் விளைகிற நெல்லோடு இதுவும் வருகிறது. அரிசியை எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது.

இந்தக் கிருமிக்கு ஒரு சாமர்த்தியம். சூழ்நிலை சரியில்லை என்றால் தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு விதைபோலத் தூங்கிவிடும். அதை ஸ்போர் என்பார்கள். சோறு கொதிக்கும்போது மற்ற கிருமிகள் செத்துப்போகும். இந்த ஸ்போர் சாகாது. சோறு ஆறத் தொடங்கியதும், 'ஆஹா, நமக்குப் போட்டிக்கு ஒருத்தரும் இல்லையே' என்று கண் விழிக்கும். ஏறக்குறைய 10 டிகிரியிலிருந்து 50 டிகிரி வரை இதற்கு வாழ்வுதான். நம் ஊர் மதிய வெயில் சூடு இதற்குத் தாய்வீடு மாதிரி.

ஒரு கணக்குப் போடுவோம். அரை மணிக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் 12 மணிக்கு ஒரே ஒரு கிருமி. சாயங்காலம் 5 மணிக்குள் பத்து முறை இரட்டித்து 1,024. கடை சாத்துகிற ராத்திரி 10 மணிக்கு இருபது முறை இரட்டித்து 10,48,576. அதாவது ஒன்று பத்து லட்சமாகிவிட்டது! சூட்டையும் ஈரத்தையும் பொறுத்து இந்த வேகம் கூடும், குறையும். ஆனால் நேரம் ஆக ஆக ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்பதை மறக்கக் கூடாது.

'அதான் மறுபடி தீயில போட்டு வறுக்கிறாங்களே, செத்துப்போகாதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிருமி சாகும். ஆனால் லட்சக்கணக்கில் பெருகிய கிருமி ஏற்கெனவே சோற்றில் ஒரு நஞ்சைக் கக்கி வைத்திருக்கலாம். செரியூலைடு என்று அதற்குப் பெயர். இது 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது என்று சோதனைச் சாலையில் கண்டிருக்கிறார்கள். கடாயில் இரண்டு நிமிஷம் புரள்வதெல்லாம் அதற்கு எம்மாத்திரம்? திருடனைப் பிடித்துவிட்டோம், அவன் வைத்த வெடி அப்படியே இருக்கிறது என்பது மாதிரி.

இங்கிலாந்தில் 1971 தொடங்கி, சீன ஓட்டல் பிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்தது. ஆராய்ந்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கும் சமையல்காரர்கள் சோற்றை மொத்தமாக வடித்து, உதிரியாக வரட்டும் என்று குளிர்பெட்டியில் வைக்காமல் வெளியிலேயே விட்டிருந்தார்கள். இந்த நோய்க்கு 'பிரைடு ரைஸ் சிண்ட்ரோம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது வெந்ததா இல்லையா என்று பார்க்கத்தான். இந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை. மோந்து பார்த்தும் தெரியாது, தின்று பார்த்தும் தெரியாது. போதாக்குறைக்கு சோயா சாஸும் மிளகுத்தூளும் சோற்றின் சொந்த வாசனையையே மறைத்துவிடுகின்றன.

பெரிய அண்டா, பெரிய ஆபத்து

அப்படியானால் ஆறிய சோறே கூடாதா? கூடும். எவ்வளவு சீக்கிரம் ஆறியது என்பதுதான் கேள்வி.

அமெரிக்க உணவு விதிப்படி, சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்திலும் இறங்கிவிட வேண்டும். சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல், குளிராக வைப்பதென்றால் 5 டிகிரிக்குள் என்பதே பொதுவான பாடம். நடுவில் இருக்கும் இடம் கிருமியின் ராஜ்யம்.

அண்டா நிறைய வடித்த சோறு இந்தக் கெடுவுக்குள் ஆறுமா? ஆறாது. உள்ளேயிருக்கும் சூடு வெளியே வர எடுக்கும் நேரம், தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 5 செ.மீ. தடிமனாகப் பரப்பிய சோற்றைவிட 30 செ.மீ. குவித்த சோறு 6 மடங்கு தடிமன். ஆக, வெப்பக் கடத்தலை மட்டும் கணக்கிட்டால் நடுச்சோறு ஆற 36 மடங்கு நேரம்! ஆவி போவது, கிளறுவது எல்லாம் சேர்ந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் போக்கு இதுதான். மேலே தொட்டால் ஜில்லென்று இருக்கும், உள்ளே இளஞ்சூட்டில் கிருமிக்குக் கல்யாண விருந்து நடக்கும்.

இதற்கு வைத்தியம் பெரிய செலவு இல்லை. வடித்ததும் அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ஃபேன் காற்றில் ஆறவிட்டு, உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அன்றைய சோறு அன்றைக்கே தீர வேண்டும். அவ்வளவுதான்.

கோழி பாவம்!

கோழிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். ஆனால் துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி தொட்டால் அவை செத்துவிடும். சின்னத் துண்டாக வெட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் முழுதாக வேகவிட்ட கோழிக்கு அந்தப் பயமில்லை. வேகாவிட்டால் பல சமயம் உள்ளே ரோஸ் நிறமாக, கொழகொழவென்று இருக்கும்; ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிட முடியாது. பச்சைக் கோழியைத் தொட்ட கையும் கத்தியும் கழுவாமல் வெங்காயத்துக்கும் முட்டைக்கோஸுக்கும் போகிறதா என்பதே அதிகம் பார்க்க வேண்டிய விஷயம்.

எண்ணெயும் நிறமும் அடுத்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் 'போலார்' கூட்டுப்பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நம் நாட்டில் விதி. கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகைகிற எண்ணெய் என்றால் நமக்கே புரிந்துவிடும். ரத்தச் சிவப்பில் மின்னும் சிக்கனும் வேண்டாம். ஒகேனக்கல்லில் காவிரிக்கு அக்கரையிலுள்ள கர்நாடகம், சிக்கன் கபாபில் செயற்கை நிறம் கலப்பதை 2024 ஜூனில் தடையே செய்துவிட்டது.

அஜினோமோட்டோ? 1908-இல் ஜப்பானின் கிகுனே இகெடா, கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்தார். தக்காளியிலும் அது இயற்கையாகவே இருக்கிறது. 1968-இல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து கிளம்பியது இந்தப் பயம். வெறும் வயிற்றில் அதிகமாகச் சாப்பிட்டால் சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி வரலாம். ஆனால் அளவோடு சேர்த்தால் அது விஷமல்ல என்பதே உணவு விஞ்ஞானிகளின் முடிவு.

நம் பக்கத்து ஊர் பெங்களூரில் நடந்ததைப் பாருங்கள். 1995 ஜூனில் பிரிகேட் ரோட்டில் இந்தியாவின் முதல் கே.எஃப்.சி. கடை திறந்தது. அஜினோமோட்டோ அளவுக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி அதே செப்டம்பரில் மாநகராட்சி உரிமத்தை ரத்து செய்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போய்க் கடை மறுபடி திறந்தது. 1996 ஜனவரியில் அந்நியக் கம்பெனிகளை எதிர்த்த கர்நாடக விவசாயிகள் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அத்தனை அமளியும் கோழியைச் சுற்றியும் அஜினோமோட்டோவைச் சுற்றியும்தான்! இன்று அந்தக் கம்பெனியே கோழியைச் சோற்றின் மேல் வைத்துக் கிண்ணத்தில் விற்கிறது. இப்போதும் பேச்சு கோழியைப் பற்றியே. சோறு எப்போதும் தப்பித்துக்கொள்கிறது.

பாட்டி வழியும் கொரியா வழியும்

'நம்ம பாட்டி ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு காலையில பழைய சோறு குடுத்தாங்களே, நமக்கு என்ன ஆச்சு?' என்ற கேள்வி வரும். நல்ல கேள்வி! தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நல்ல பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பேற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற பேசில்லஸ் சீரியஸுக்கு வளர்வது கஷ்டம். மேலும் பாட்டி வடித்தது ஒரு வீட்டுக்கான சோறு. ஊருக்கே போதும் அண்டா அல்ல. பழைய சோறு கெட்டுப்போனால் மறைக்க சாஸும் இல்லை, மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். தண்ணீரும் ஊற்றாமல் குளிரும் வைக்காமல் மூடிவைத்த வெறும் சோறு இந்தக் கணக்கில் சேராது.

இன்னொரு வழி கொரியர்களுடையது. நம்மில் பலர் டிப்ளமா முடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்தில் கொரிய ஓட்டல்களும் வந்துவிட்டன. அவர்கள் நாட்டுத் தலைநகர் சியோலில் நோர்யாங்ஜின் என்று ஒரு பகுதி. அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களின் கோட்டை. அவர்களுக்காகவே அங்கே தெருக்கடைகளில் 'கப்-பாப்' விற்கிறார்கள். 'பாப்' என்றால் சோறு. ஒரு பெரிய கப்பில் சோறு, மேலே முட்டை, கிம்சி ஊறுகாய், வதக்கிய இறைச்சி. குறைந்த காசு, நிறைந்த வயிறு. ஆக, கையில் காசில்லாத மாணவன் எந்த நாட்டிலும் ஒரே ஜாதி!

அவர்கள் அரிசியில் அமைலோஸ் குறைவு, ஒட்டும். ஆறினால் கட்டியாகிவிடும். அதனால் மின்சாரக் குக்கரில் 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருந்து பரிமாறுவது வழக்கம். அந்தச் சூட்டில் ஸ்போர் முளைக்காது. பாட்டியின் வழி புளிப்பு, கொரியர் வழி சூடு, குளிர்பெட்டியின் வழி குளிர். மூன்றும் கிருமிக்கு இடம் கொடுக்காத வழிகள். நாலாவது வழியான 'சும்மா வை' என்பதுதான் ஆபத்து.

புதுக் கடையில் டிரை பண்ணும் முன்…

1. சோறு எதில் இருக்கிறது என்று பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்திலேயே பெரிய அண்டாவில் மூடி வைத்திருந்தால் யோசியுங்கள். சின்னச் சின்ன டப்பாவில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் தைரியமாக உட்காருங்கள்.

2. "அண்ணா, சோறு எப்போ வடிச்சீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார்.

3. கூட்டம் உள்ள நேரத்தில் போங்கள். சோறு வேகமாகத் தீர்ந்து புதிது வரும். கடை சாத்தும் நேரத்துக் கடைசிப் பிளேட், பகலெல்லாம் கிடந்த சோறாக இருக்கலாம்.

4. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

5. இது நமக்கே சொல்வது. பார்சல் வாங்கிப் பாதியை ராத்திரியும் மீதியைக் காலையிலும் சாப்பிடும் ஹாஸ்டல் பொருளாதாரத்தை விட்டுவிடுங்கள். ஃபேனுக்குக் கீழே வைத்தால் ஒன்றும் ஆகாது என்பது தப்பு. மாஸ்டர் ஒழுங்காகச் செய்ததையும் நம் அறையில் நாமே கெடுத்துவிடுகிறோம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பார்சலை அப்போதே முடித்துவிட்டால் காசும் மிச்சம், வயிறும் பத்திரம்.

வந்துவிட்டால்?

சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வருவது ஒரு வகை. 6 மணிக்கு மேல் வயிற்றுப்போக்கு வருவது இன்னொரு வகை. பெரும்பாலும் ஒரு நாளில் தானே சரியாகிவிடும். உடம்பில் நீர் குறையாமல் பார்ப்பதுதான் முக்கியம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஓயாத வாந்தி, மயக்கம், கண் மஞ்சளாவது, சிறுநீர் நின்றுபோவது, ரத்தம் போவது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

அபூர்வம்தான், ஆனால் உயிரையும் பறித்திருக்கிறது. 2008-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 20 வயது மாணவர் ஒருவர், சமையலறையில் வெளியே 5 நாள் கிடந்த ஸ்பகெட்டியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டார். அன்று இரவே ஈரல் செயலிழந்து இறந்துபோனார். காரணம் இதே கிருமி, இதே நஞ்சு. நம் வயசுப் பிள்ளை. அவரும் 'சூடு பண்ணினால் சரியாகிவிடும்' என்று நம்பியிருப்பார்.

நிறைவாக…

வண்டி போட்டிருப்பவர் நமக்கு எதிரி அல்ல. கடன் வாங்கிக் கடாய் வாங்கி, ராத்திரி பதினோரு மணி வரை தீயில் நிற்கிற உழைப்பாளி. மிஞ்சிய சோற்றைக் கொட்டினால் அவருக்கு நஷ்டம் என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு நாள் நாலு பேருக்கு வாந்தி வந்தால் அந்த வண்டியே காணாமல் போய்விடும். அதைவிட நாலு அகலத் தட்டும் ஒரு பழைய குளிர்பெட்டியும் மலிவு. இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாமல், தினமும் வருகிற தம்பியாக எடுத்துச் சொல்லலாம். வெப்பக் கடத்தலைப் படித்தவன் அதைப் பரீட்சைப் பேப்பரில் மட்டும் எழுதினால் போதுமா?

'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பார்கள். நண்பர்களே, அடுத்த முறை "புதுக் கடைடா மச்சி" என்று யாராவது அழைத்தால் தாராளமாகப் போங்கள். "கோழி எப்படி?" என்று கேட்கும் முன், "சோறு எப்போ வடிச்சது?" என்று கேளுங்கள்!